எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

என் மகள் கடிகார வேலை பார்க்கிறாள். இதை யாரிடமாவது சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "எந்தக் கடைங்க?" என்பார்கள். கடை இல்லை, தில்லிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடம் என்றால், "ஓ, வாட்ச் கம்பெனியா?" என்பார்கள். அதுவும் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. கேட்டவர் என் மேல் இரக்கப்பட்டு, தன் கையில் இருக்கும் வாட்சைக் கழற்றி, "நின்னு நின்னு ஓடுது. பாப்பா லீவுல வந்தா காட்டுங்க" என்று கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குப் பேச்சு வராது. இப்படி வாங்கி வந்த வாட்சுகள் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய இருக்கின்றன.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. மூட்டையைத் தராசில் ஏற்றுவார்கள், தராசு ஒரு எண்ணைக் காட்டும், அதை உரக்கப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். எண்ணைத் தவிர வேறெதையும் உரக்கச் சொல்லாமலே பாதி ஆயுசை ஓட்டிவிட்டேன்.

இந்தச் சுபாவத்தால் மகளுக்கு வந்த முதல் சம்பந்தம் போயிற்று. திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல குடும்பம். "பொண்ணு இன்னா வேலை பாக்குது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான், "மணி பாக்கற வேலைங்க" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்கள். பிறகு தரகர் வந்து சொன்னார்: "மணி பாக்கறதுக்கு தில்லி வரைக்கும் இன்னாத்துக்குப் போவணும், எங்க ஊட்லயே ரெண்டு கடிகாரம் மாட்டிக்கினு இருக்குதேன்னு கேக்கறாங்க."

என் மனைவி அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேசவில்லை. மகள் போனில் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது.

"அப்பா, அடுத்து யார் வந்தாலும், பூ வைக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடணும். என் வேலை இன்னான்னும் சொல்லணும், கல்யாணத்துக்கு அப்புறமும் நான் அதை உடமாட்டேன்னும் சொல்லணும்."

"நீயே சொல்லிடேன் பாப்பா."

"நான் சொன்னா பொண்ணு வாயாடின்னு போயிடுவாங்க. அம்மா சொன்னா சண்டையாயிடும். நீ பேசவே பேசாத ஆளு. நீ பேசினா எல்லாரும் கேப்பாங்க."

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைப்பார். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பூ வைத்த பிறகு ஒரு நிபந்தனையைச் சொன்னால் அது ஏமாற்று வேலை. ஆகவே பூவுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் ஒன்று வேலையை இழப்பாள், இல்லை பொய் சொன்ன வீட்டுப் பெண் என்று பெயர் வாங்குவாள்.

"சரி, அந்த வேலைதான் இன்னா?" என்று அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டேன்.

"உன் தராசுல கடைசி எண்ணு ஆடிக்கினே இருக்கும்ல?"

"ஆடும்."

"எதனால ஆடுது?"

"ஃபேன் காத்து. லாரி போனா தரை அதிரும். லோடுமேன் மூட்டை மேல கைய வெச்சுக்கினு நிப்பான்."

"நீ இன்னா பண்ணுவ?"

"ஃபேனை நிறுத்துவேன். அவனைத் தள்ளி நிக்கச் சொல்லுவேன்."

"அதாம்ப்பா என் வேலை" என்றாள். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் ஏமாற்றமாகவும் இருந்தது. இவ்வளவு படித்தும் லோடுமேனோடுதான் மல்லுக்கட்டுகிறாளா?

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் போனில் பாடம் நடந்தது. எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். ஒரு உலோகத்தின் அணுக்களை லேசர் வெளிச்சத்தாலேயே குளிரவைத்து, ஒரு சின்ன உருண்டையாகச் சேர்த்து, மேலே எறிகிறார்கள். நீரூற்றுபோல மேலே போய்க் கீழே விழும். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, ஒரே பெட்டிக்குள் நுழைந்து வரும். அந்தப் பெட்டிக்குள் ஒரு அலை துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு தடவைக்கும் நடுவில் அணுவின் துடிப்பும் அலையின் துடிப்பும் ஒன்றாகப் போனதா, பிசகியதா என்று பார்ப்பார்கள். பிசகினால் அலையைத் திருத்துவார்கள். திருத்திய அலையில் இத்தனை துடிப்பு என்று எண்ணி முடித்தால் அதுதான் ஒரு நொடி. அணு நீரூற்றுக் கடிகாரம் என்று பெயர்.

"இன்னாத்துக்குத் தூக்கிப் போடணும்? கீழயே வெச்சுப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மேல போயிட்டு விழற வரைக்கும் நேரம் கிடைக்குதுல்ல? எவ்ளோ நேரம் பாக்கறமோ அவ்ளோ தெளிவு."

இது சரிதான். நானும் தராசு நிற்கும்வரை எண்ணைப் படிக்கமாட்டேன்.

தொல்லைகள்தான் அதிகம். அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் சுவரின் சூடு படும். எங்கிருந்தாவது காந்தம் இழுக்கும். தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக்கூடக் கணக்கில் எடுக்க வேண்டும். "மயிலம் மலை மேல வெச்ச கடிகாரம் நம்ம ஊட்டுக் கடிகாரத்தைவிட இத்துனூண்டு வேகமா ஓடும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒன்று சொன்னாள். "இதெல்லாம் கடிகாரத்தைத் தள்ளுதுன்றது பிரச்சினை இல்லப்பா. எவ்ளோ தள்ளுதுன்னு தெரிஞ்சா கழிச்சுக்கலாம். அந்த எவ்ளோன்றதுல எவ்ளோ சந்தேகம் இருக்குது, அதைக் குறைக்கறதுதான் பெரிய பாடு."

இந்த இடம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "ம்" போட்டுவிட்டேன்.

பேச்சால் விளக்குவது என்னால் ஆகாது என்று எனக்கே தெரியும். அதனால் மல்லாட்டையை வைத்துக் காட்டுவதாக முடிவு செய்தேன். ஒரு பருப்பை மேலே எறிவது, அது ஏறும்போதும் இறங்கும்போதும் பெட்டியைத் தாண்டுவதாகக் கையால் காட்டுவது, விழும்போது வாயில் பிடிப்பது. மண்டியில் ஆள் இல்லாத நேரத்தில் பழகினேன். ஆள் இல்லை என்று நினைத்தது தப்பு.

"இன்னாண்ணா, பேசத்தான் மாட்ட, இப்ப வாயவே அடைச்சிக்கினு இருக்கிறியே?" என்றான் லோடுமேன்.

அவனுக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். "அது எடை போட்ட மல்லாட்டையா, போடாததா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சம்பந்தம் திண்டிவனத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை, எந்த ஊரில் உட்கார்ந்தும் பார்க்கலாம். அப்பா இல்லை. பெரியப்பாதான் அந்த வீட்டுக்கு எல்லாம். மகள் லீவில் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டதால் நாலு மணிக்கு மேல்தான் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா, மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம்.

பெரியப்பா வாசலைத் தாண்டியதும் எங்களைப் பார்க்கவில்லை. நேராகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயய்யோ, நாலு முப்பத்தொண்ணு! ராகு காலம் பொறந்துடுச்சே" என்று படியிலேயே நின்றுவிட்டார்.

"இல்லீங்க, இல்லீங்க. அது பத்து நிமிஷம் ஃபாஸ்டு. வாங்க, வாங்க" என்று என் மனைவி ஓடினாள்.

எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பாசஞ்சர் ரயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காகப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருப்போம். வீட்டில் எல்லாரும் பத்தைக் கழித்துத்தான் படிப்போம். கழித்துப் படிப்பதால் ரயிலை அவ்வப்போது தவறவிடுவோம் என்பது வேறு விஷயம்.

பெரியப்பாவுக்கு உயிர் வந்தது. "எங்க ஊட்லயும் அதான். தோ, இந்த வாட்சு ஏழு நிமிஷம்" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். "ஆவட்டும், ஜல்தி. பொண்ணை வரச் சொல்லுங்க."

மகள் வந்தாள். கேசரி வந்தது, வேகவைத்த மல்லாட்டை வந்தது, காபி வந்தது. எல்லாம் ஓட்டமாக நடந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாழை இலையைப் பிரித்து மல்லிகைப் பூவை எடுத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

பூவோடு கை உயர்ந்தது. "கொஞ்சம்..." என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"காபி சூடா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சூடாத்தான் இருக்குது. ஏம்மா, வெச்சிடு, வெச்சிடு. நேரம் போயிடப்போவுது" என்று பெரியப்பா வாட்சைப் பார்த்தார். "நாலு முப்பத்தி மூணு. ஏழு போனா இருபத்தாறு. இன்னும் நாலு நிமிஷம் இருக்குது."

"ஏழா? பத்து நிமிஷம் ஃபாஸ்டுன்னு இல்ல சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, பூவைப் பிடித்தபடி.

"அது பழைய பேட்டரியில. புதுசு போடும்போது ஏழு வெச்சேன். எட்டா... ஏழுதான்."

"எங்க கடிகாரப்படி இருபத்தேழுங்க" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை தன் போனை எடுத்தார். பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். "போனை மட்டும் காட்டாதே. கோட்டக்குப்பத்து சிநேகிதர் ஒருத்தர் துபாய்லேந்து எனக்கு ஒரு போன் வாங்கியாந்தாரு. அது துபாய் மணியவே காட்டிக்கினு இருந்துச்சு. அதை நம்பி ஒரு முகூர்த்தத்துக்குப் போனேன். பந்தியே முடிஞ்சி பந்தல பிரிச்சிக்கினு இருந்தாங்க." பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஏன், பொண்ணுதான் நேரத்துலயே வேலை பாக்குதாமே! நீயே சொல்லு கண்ணு, இப்ப கரெக்டா மணி இன்னா?"

மகள் மாப்பிள்ளையின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததுதான் வினை. "போன்படி நாலு இருபத்தி நாலுங்க மாமா. போன்ல நொடி தெரியல, அதனால ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்கலாம். அதுவுமில்லாம ராகு காலம் நாலரைன்னு காலண்டர்ல போட்டிருக்கறதே ஒரு பொதுக் கணக்குதான், சூரியன் உதிக்கற நேரத்தைப் பொறுத்து..."

என் மனைவி அவள் தொடையில் கிள்ளினாள். ஆனால் வார்த்தை வாயைத் தாண்டிவிட்டது.

"முன்ன பின்னவா?" பெரியப்பா என்னைப் பார்த்தார். "இன்னாங்க இது? டீக்கடையில கேட்டா பளிச்சின்னு சொல்றான். இம்மாம் படிச்சிட்டு முன்ன பின்னன்னு சொல்லுதே. இதுக்குத்தான் தில்லியில சம்பளமா? பேசாம மயிலத்துக் காலேஜுல டீச்சர் வேலைக்குப் போனா பஸ்ஸுலயே போய்ட்டு வந்துடலாமே!"

பூவைப் பிடித்திருந்த கை மெதுவாக இறங்கி மடியில் உட்கார்ந்தது. என் மகளின் முகம் சுருங்கியது. திருவாமாத்தூர்க்காரர்கள் எழுந்து போனபோது எனக்கு இருந்த வெட்கம் திரும்ப வந்தது. அன்றைக்கு வாயை அடைத்த வெட்கம், இன்றைக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, என்னை எழுப்பி நிற்கவைத்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு மல்லாட்டையை உரித்துப் பருப்பை எடுத்தேன்.

"இது அணுங்க" என்றேன்.

மேலே எறிந்தேன். மண்டியில் பழகும்போது நான் எப்போதும் தராசுப் பக்கத்தில் நிற்பேன். அங்கே ஃபேனை நிறுத்தி வைத்திருப்பேன். வீட்டில் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டேன். இறக்கை பருப்பை அடித்து, அது நேராகப் பெரியப்பாவின் காபி டம்ளருக்குள் போய் விழுந்தது.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். பிறகு, "அதான்! அதான் தொல்லைன்றது! ஃபேனை நிறுத்து!" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து ஃபேனை நிறுத்தினார். நான் இன்னொரு பருப்பை எடுத்தேன். இந்த முறை நேராக ஏறியது. "ஏறும்போது ஒரு தபா பெட்டிக்குள்ள போவுதுங்க" என்று இடது கையால் பெட்டி காட்டினேன். "இறங்கும்போது இன்னொரு தபா" என்று சொல்லி வாயில் பிடித்தேன். வாயில் பருப்போடு நின்றேன்.

"அதுல மணி எங்க இருக்குது?" என்றார் பெரியப்பா, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே.

அதற்கான பதிலைப் போனில் பாடம் கேட்டிருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய வாட்ச்தான் கண்ணில் பட்டது. அப்போது, "ம்" போட்டுவிட்டு வந்த அந்த இடம் எனக்குச் சட்டென்று புரிந்தது.

"உங்க வாட்சு ஃபாஸ்ட்டா ஓடறது தப்பே இல்லீங்க" என்றேன். "எங்க கடிகாரமும் ஃபாஸ்டுதான். பத்துன்னு தெரியும், கழிச்சுக்கறோம், முடிஞ்சிபோச்சு. உங்களது ஏழா, எட்டா, பத்தான்னுதான் தெரியல. அந்தத் தெரியாததுதாங்க பேஜாரு. உலகத்துல எந்தக் கடிகாரத்தையும் ஏதோ ஒண்ணு தள்ளிக்கினுதான் இருக்குது. எவ்ளோ தள்ளுதுன்றதுல இருக்கிற சந்தேகத்தைக் குறைச்சிக்கினே வரணும். எம்பொண்ணு வேலை அதுதாங்க. முன்ன பின்னன்னு அது சொன்னது தெரியாம இல்லீங்க. எதுவரைக்கும் தெரியும்னு தெரிஞ்சி சொல்லுது. கல்யாணம் ஆனாலும் அது அந்த வேலைய உடாதுங்க. பூ வைக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்னு இருந்தேன்."

என் மனைவி என்னை யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பெரியப்பா வெகுநேரம் வாட்சைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, "எல்லாம் சரி. இப்ப ராகு காலம் வந்துடுச்சா, இல்லியா?" என்றார்.

வந்துவிட்டிருந்தது. எந்தக் கடிகாரப்படி பார்த்தாலும் வந்துவிட்டிருந்தது.

ராகு காலத்தில் பூ வைக்கவும் முடியாது, ஒரு முடிவு சொல்லாமல் கிளம்பவும் மனசு வராது. ஆகவே ஆறு மணி வரை அவர்கள் எங்கள் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. முதலில் கொஞ்ச நேரம் எல்லாரும் சுவரைப் பார்த்தோம். ஃபேனை யாரும் திரும்பப் போடவில்லை, வேர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார்.

"மாமா, உங்க கடிகாரம் பத்து இல்ல. பதிமூணு நிமிஷம் ஃபாஸ்ட்."

"இல்லியே, பத்துதான்" என்றேன்.

"எப்ப வெச்சீங்க?"

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இறக்கி, திரும்ப மாட்டும்போது வைத்தது. அதற்குப் பிறகு யாரும் சரிபார்க்கவில்லை. பத்து, பத்து என்று கழித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்குப் பாடம் எடுத்தாரு பாரு! ஏழா எட்டான்னு! எனக்காவது சந்தேகம்னு தெரியும். உமக்கு அதுவும் தெரியலியே!" அதோடு அவர் எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, தானும் ஒரு மல்லாட்டையை எறிந்து பார்த்தார். அது மூக்கில் பட்டது.

என் மகள் அப்போதுதான் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள் என்பதை நான் கவனித்தேன். "எத்தனை தபா பாத்துட்டு பதிமூணுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். "மூணு தபா" என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள். மண்டியில் மூட்டை சரியாக நின்றுவிட்டால் நான் ஆட்டுவது அதே மாதிரிதான்.

மாப்பிள்ளையின் அம்மா பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்: "அந்த சந்தேகத்தைக் குறைக்கற வேலை எப்பத்தான் கண்ணு முடியும்?"

"முடியாதுங்க அத்தை. குறைச்சிக்கினே போவலாம். இல்லாமலே பண்ண முடியாது."

அந்த அம்மா தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினார். "அடுப்படி வேலை மாதிரின்னு சொல்லு. நம்மளது மட்டும் முடியுதா இன்னா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வேலை விஷயத்தில் பெரியப்பா மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஆறு மணி ஆயிற்று என்று மாப்பிள்ளையின் போன் சொன்னது. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. என் கடிகாரத்துக்கு ஒரு சந்தேகம், தன் வாட்சுக்கு ஒரு சந்தேகம், காலண்டருக்கு மகளே சொன்ன சந்தேகம், எல்லாவற்றையும் விரலில் எண்ணிக் கூட்டி, "இன்னும் ஒரு கால்மணி போவட்டும். எது எப்படித் தப்பா இருந்தாலும் அப்ப ராகு காலம் இருக்காது" என்றார்.

"மாமா, எங்க லேப்ல இப்படித்தான் கூட்டுவோம்" என்றாள் மகள். உண்மையாகச் சொன்னாளா, பெரியவரைக் குளிரவைக்கச் சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கால்மணி நேரம் கழிந்தது. அந்த அம்மா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். என் மகளும் பார்த்தாள். பெரியப்பா கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். கிண்ணத்தில் இன்னொன்று சேரப்போகிறது என்று நினைத்தேன்.

"தோ கண்ணு, இதைச் சரியா ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சுக் குடு. சரியான நேரத்தை வெச்சிடாதே, பஸ்ஸு போயிடும்."

மகள் மாப்பிள்ளையின் போனை வாங்கினாள். போனில் நிமிஷம் மாறும்வரை காத்திருந்து, மாறிய அதே கணத்தில் வாட்சின் திருகை அழுத்தினாள். "ஏழு நிமிஷம் மாமா. ஒரு நொடி முன்ன பின்ன."

பெரியப்பா வாட்சைக் கட்டிக்கொண்டார். காதருகே வைத்துக் கேட்டார். "அந்த ஒரு நொடிய இன்னா பண்றது?"

"அதுக்குத்தான் மாமா நான் அங்க போவணும்."

"போ, போ. யார் வேணான்னாங்க?" என்று சொல்லிவிட்டு, பூ பிடித்திருந்தவரைப் பார்த்தார். "நீ இன்னாம்மா இன்னும் பாத்துக்கினே இருக்கிற? வெய்யி."